காது குறையாத கிடாய்

14 மே 2025, புதன்

தண்ணீர் பவுசர் இன்றும் வரவில்லை. சோழகக் காற்று தொடங்கிவிட்டது. குசினிக்குள் ஒரு பானையைத் திறந்து வைக்க ஏலாது, அவ்வளவு புழுதி. நான் வேலை செய்கிற சங்கக் கடைக்கு வந்த சீனி மூட்டை ஒன்றில் நிறை குறைவு. முகாமையாளர், "கொழும்பிலை தராசு பிழையாக்கும், பிள்ளை" என்றார். கொழும்புத் தராசு ஒருநாளும் எங்கள் பக்கம் கூடிப் பிழைத்ததில்லை. இதை நான் ஒருத்தி மட்டும்தான் கவனிக்கிறேன் போல.

பின்னேரம் ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டு வந்தால், படலைக்கு வெளியே ஓர் ஆள். ஐம்பது வயது வரும். மோட்டார் சைக்கிளில் வடமேல் மாகாண இலக்கம். வேலணையில் அந்த இலக்கத்துக்கு என்ன வேலை?

"தங்கச்சி, அந்தக் கிடாய் விக்கிறதோ?"

"இல்லை."

"ஒருக்கால் பாக்கலாமோ?"

"விக்காத ஆட்டை ஏன் பாக்க?"

சிரித்துவிட்டுப் போனான். போகும்போது கண் கொட்டில் பக்கம் போய், பூட்டில் நின்று, பிறகுதான் என்னிடம் வந்தது. நான் கண்டேன்.

போன வருசம் ஆனியில் இரண்டு மறி ஆடுகளைக் களவு கொடுத்த வீடு இது. அதன் பிறகு கிடாய் மணியனை நான் படலைக்கு வெளியே விட்டதே இல்லை. மற்றவர்களுடைய ஆடுகள் தரவை வெளியில் மேய்ந்து திரியும். எது எவருடையது என்று தெரிய, காதில் ஒரு துண்டு வெட்டி விடுவார்கள். ஒரு வீட்டுக்கு நுனி, இன்னொரு வீட்டுக்கு ஓரம். வெட்டியும் களவு போகிறது. என் கிடாய் வளவுக்குள்ளேயே நிற்கிறது, குழை அதைத் தேடி வருகிறது, குறி ஒன்றும் தேவையில்லை. ஆட்டுக்குச் சிறை என்று ஊரில் கதைக்கிறார்களாம். கதைக்கட்டும்.

15 மே, வியாழன்

இவரிடம் சொன்னேன். "ஆடு விலைக்குக் கேட்டால் அவன் கள்ளனோ வதனி?" என்று சிரிப்பு. கேட்கிற சாட்டில் எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்துப் போக வந்தவன் அவன். பஸ்ஸில் ரிக்கற் கிழிக்கிற மனுசன், நாளுக்கு எத்தனை பேரின் முகத்தைப் பார்க்கிறார், இது விளங்காதா?

19 மே, திங்கள்

அந்த ஆள் திரும்பவும் வந்தான். இவர் வீட்டில் நின்றார். நின்றது மட்டுமில்லை, "உள்ளுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டும் விட்டார்!

நான் ஒரு கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். இறைச்சிக்கு வாங்குகிறவன் முதலில் முதுகைப் பிடித்துப் பார்ப்பான், பிறகு தூக்கி நிறை பார்ப்பான். இந்த ஆள் முதுகைத் தொடவே இல்லை. குந்தியிருந்து, பெருவிரலால் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தான். பிறகு இரண்டு காதையும் அடியிலிருந்து நுனி வரை விரலால் தடவினான், சீலை வாங்குகிறவர்கள் கரையில் கிழிசல் தேடுவதுபோல. ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினான். கொஞ்சத் தூரம் நடக்க விட்டுக் காலைப் பார்த்தான்.

"ரெண்டு வருசம் நிரம்பிட்டுதோ?"

"தையோடை நிரம்பிட்டுது."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ தங்கச்சி. வயசு பிழைச்சால் எனக்குத்தான் பிழை."

அது என்ன கதை?

"இந்த ஆட்டிலை வேறை ஆருக்கும் பங்கு கிடக்கோ? கோயிலுக்கு நேந்து விட்டதோ?"

இல்லை என்றேன். நேர்ந்து விட்டது என்று சொல்லியிருக்கவேண்டும், அப்போது ஆள் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான். புத்தி பிந்தித்தான் வருகிறது.

"காது ரெண்டும் முழுசாய் இருக்கு, என்ன?" என்றான். வெளியில் விடுவதில்லை, அதனால் வெட்டவில்லை என்றேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஊர்காவற்றுறையிலை இருந்து உங்காலை புங்குடுதீவு மட்டும் ஒவ்வொரு ஆடாய்ப் பாத்துக்கொண்டு வாறன், இப்பிடி ஒண்டு காணேல்லை."

இரண்டு தீவிலும் எந்த வீட்டில் எந்த ஆடு நிற்கிறது என்று ஆளுக்கு மனப்பாடம்! அதைத் தன் வாயாலேயே சொல்கிறான், இவர் தேத்தண்ணி போடச் சொல்கிறார்.

போட்டேன். சீனி குறைத்துப் போட்டேன்.

22 மே, வியாழன்

இவர் பஸ்ஸில் விசாரித்து வந்திருக்கிறார். பெயர் நஜிமுதீன். ஊர்காவற்றுறையில் ஆணி, பூட்டு, தகரம் விற்கிற சின்னக் கடை. தகப்பன், மனுசியோடு புத்தளத்திலிருந்து இரண்டு வருசத்துக்கு முன் வந்தவர்கள். தொண்ணூறில் இங்கிருந்து போன முஸ்லிம் குடும்பம்.

போன என்று எழுதியிருக்கிறேன். போனவர்கள் இல்லை, இயக்கத்தால் போகச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள். எனக்கு அப்போது பத்து வயது. அடுத்த வருசம் சண்டைக்குப் பயந்து நாங்களும் தீவை விட்டு ஓடினோம். ஆனால் எங்களை இன்னின்னார் என்று பிரித்து ஒருவரும் போகச் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு.

"இப்ப உமக்கு நிம்மதிதானே? ஆள் ஆரெண்டு தெரிஞ்சிட்டுது" என்கிறார் இவர். எனக்கு எங்கே நிம்மதி? அந்த மனுசனுக்கு எங்கள் மேல் கோபம் இருக்காதா? அவருடைய இடத்தில் நானாக இருந்தால் இந்தத் தீவில் ஓர் ஆட்டையும் கேட்டு எடுக்கமாட்டேன். கேளாமல்தான் எடுப்பேன்.

29 மே, வியாழன்

மணியனை விற்க ஒப்புக்கொண்டேன். குழைக்கு அலைந்து முடியவில்லை, கிணற்றிலும் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, இவரும் ஒரே நச்சரிப்பு. ஆளைத் திருப்பி அனுப்பலாம் என்று வேண்டுமென்றே கூட்டிச் சொன்ன விலை. நஜிமுதீன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். பேரம் பேசாத மனுசனை நான் சங்கத்தில் கண்டதே இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் கொடுக்கவாம். பெருநாள் சனிக்கிழமை, அடுத்த மாதம் ஏழாம் திகதி. முற்பணம் தந்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்களிட்டையே நிக்கட்டும். எங்கடை வளவுக்கு இன்னும் வேலி அடைக்கேல்லை" என்றார். பூட்டும் கம்பியும் விற்கிறவரின் வளவுக்கு வேலி இல்லையாம்.

போகும்போது படலையில் நின்று கேட்டார், "மனம் பொருந்தித்தான் தாறியளோ?" ஓம் என்றேன். திரும்பவும் கேட்டார், "முழு மனசோடை?" இப்படிக் கேட்டுக் கேட்டு வாங்குகிறவர் பின்னால் எதற்கோ என் வாயை அடைக்கப் பார்க்கிறார்.

1 ஜூன், ஞாயிறு

தகப்பனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார், ஆட்டைக் காட்ட. பெயர் மீராசாகிபு. எண்பதைத் தாண்டிய மெலிந்த மனுசன், கையில் நடுக்கம். விறாந்தையில் இருக்கச் சொன்னேன், வேண்டாமாம், கதிரையைக் கொட்டிலுக்கு முன்னால் போடச் சொன்னார். மணியன் அவருடைய சாரத்தைக் கடித்து இழுத்தது. விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறை இல்லாத ஆடுதான் வேண்டும் என்று ஏன் இந்தப் பாடு என்று நேராகவே கேட்டேன். இபுறாகீம் நபியிடம் ஆண்டவன் மகனைக் கேட்டானாம். மகனும் சம்மதித்துப் படுத்தானாம். கத்தி கழுத்தில் இருக்கும்போது, போதும், உன் மனசு தெரிந்தது என்று மகனுக்குப் பதில் ஓர் ஆட்டை ஆண்டவன் அனுப்பினானாம். "மகன் நிக்கவேண்டிய இடத்திலை நிக்கிற ஆடு, பிள்ளை. அதிலை போய் நொண்டியையும் குருட்டையும் குடுக்கிறதோ?" என்றார். இறைச்சியும் இரத்தமும் ஆண்டவனிடம் போவதில்லை, மனசுதான் போகிறது என்று வேதத்தில் இருக்கிறதாம். இறைச்சியை மூன்று பங்கு வைப்பார்களாம்: வீட்டுக்கு, சொந்தத்துக்கு, இல்லாதவர்களுக்கு.

எங்கள் பக்கமும் பிள்ளையைக் கேட்ட கதை இருக்கிறது. அதைக் கேட்டபோதும் எனக்கு இதே சந்தேகம்தான்: மனசு தெரியாமலா கேட்டது? தெரிந்தால் ஏன் கேட்டது? வாய் வரை வந்தது, அடக்கினேன்.

பிறகு கிழவர் சொன்னார்: "புத்தளத்திலை வசதி இல்லை. ஏழு பேர் சேந்து ஒரு மாடு. எனக்கு ஏழிலை ஒரு பங்கு. அதுவும் சில வருசம்தான். பிறந்த ஊரிலை, என்ரை மண்ணிலை, ஒரு முழு உயிரை என்ரை கையாலை குடுத்திட்டால் காணும். இனி எத்தினை பெருநாள் வரப்போகுது எனக்கு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் போன பிறகு குசினியில் நின்று யோசித்தேன். கலங்க வைக்கத்தான் கிழவரைக் கூட்டி வந்தாரோ?

3 ஜூன், செவ்வாய்

மத்தியானம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் எங்கள் ஒழுங்கையால் மெதுவாகப் போனார்கள். மெதுவாக! ஒழுங்கையில் குழி இருப்பதால்தான் என்கிறார் இவர்.

நான் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தேன். முற்பணம் தந்தாயிற்று. ஆடு என்னிடம் நிற்கிறது. வெள்ளிக்கு முன் ஆடு களவு போனால் பொறுப்பு யாருக்கு? எனக்கு. இல்லையென்றால் இதைக் கொண்டுபோய்விட்டு, இதே கறுப்பில் ஒரு நோஞ்சான் சோத்தியைக் கட்டிவிட்டுப் போனால்? வெள்ளிக்கிழமை வந்து, "இது நான் பாத்த ஆடில்லையே" என்றால்? கறுப்பு ஆட்டுக்கும் கறுப்பு ஆட்டுக்கும் என்ன வித்தியாசம் காட்டுவேன்? வழியில் எங்கேயாவது கண்டாலும் என்னுடையது என்று எப்படிச் சொல்வேன்?

மணியனுக்கு ஓர் அடையாளமும் இல்லை. இவ்வளவு நாளும் இதைப் பெருமையாக அல்லவா சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

4 ஜூன், புதன்

காரியம் முடிந்தது. இவருடைய சவர அலகைச் சுடுதண்ணீரில் போட்டெடுத்து, இடது காதின் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணம். மணியன் ஒரு தரம் கத்தியது, அவ்வளவுதான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினேன். வெட்டின துண்டை நெருப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். யாராவது வாதாடினால் துண்டைக் காதோடு பொருத்திக் காட்டலாம்.

இவர் வந்து பார்த்துவிட்டு, "உமக்கு விசர்" என்றார். அதற்குப் பிறகுதான் சவரம் செய்ய அலகு தேடினார், அப்போது இன்னொரு தரம் சொன்னார்.

இன்றைக்கு நிம்மதியாக நித்திரை வரும்.

6 ஜூன், வெள்ளி

என்ன செய்து வைச்சிருக்கிறன்.

காலையிலேயே நஜிமுதீன் வந்தார். ஓட்டோவுக்குள் சாக்கு விரித்து, ஆட்டுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு வாளியும் கொண்டு வந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது, விரலில் நகம் வளர்ந்திருந்தது. பெருநாளுக்கு முதல் நாள் ஒரு கடைக்காரர் இந்தக் கோலத்திலா வருவார் என்று அதையும் ஒரு குற்றமாக மனதில் குறித்துக்கொண்டுதான் கொட்டிலைத் திறந்தேன்.

மணியன் வெளியில் வந்தது. அவர் கழுத்தைத் தடவினார். கை காதுக்குப் போனது, நின்றது. குந்திவிட்டார்.

"இதென்ன தங்கச்சி?"

நான், கடவுளே, நான் பெருமையாகத்தான் சொல்ல வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு சொன்னது. "புண் வந்தது. அழுகும் எண்டு வெட்டினனான்."

வெட்டைப் பார்த்தார். "புண் இவ்வளவு நேராய் வராது."

"சின்னத் துண்டுதானே?"

"கிழிஞ்சிருந்தால் பறவாயில்லை. துண்டு போயிட்டுது. எவ்வளவு சின்னன் எண்டாலும் குறை குறைதான். குர்பானுக்குக் கூடாது."

அப்படியே மண்ணில் குந்தியிருந்தார். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், ஒரு மாதிரிச் சமாளித்திருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. "ஆர் ஆட்டை மாத்துவினம் எண்டு குறி வெட்டினனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுதான் பதில் என்று அவருக்கு விளங்கிவிட்டது. எழும்பிச் சாரத்தைத் தட்டினார். வாளித் தண்ணீரை மணியனுக்கு வைத்துவிட்டு, வெறும் ஓட்டோவோடு போனார்.

முற்பணத்தைக் கேட்கவும் இல்லை. அதைப் போய் எப்படி நீட்டுவேன்?

7 ஜூன், சனி

ஹஜ்ஜுப் பெருநாள். சங்கம் பூட்டு. வீட்டில் இருக்க ஏலவில்லை.

காலையில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வேறு ஆடு வாங்கியிருப்பார். யாழ்ப்பாணத்தில் ஆடா இல்லை? ஒருவேளை விலை கூடிப்போச்சு என்று தப்பிக்கக் காது ஒரு சாட்டோ? இவ்வளவு நடந்த பிறகும் என் புத்தி இந்த வழியால்தான் போகிறது.

இவர் பஸ்ஸில் போகும்போது பள்ளிவாசலடியில் கண்டவராம். எல்லாரும் தொழுது முடித்து ஆளை ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, கிழவர் புதுச் சாரத்தோடு ஒரு பக்கத்தில் தனியே இருந்தாராம்.

பின்னேரம் முற்பணத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஊர்காவற்றுறைக்குப் போனேன். வளவுக்கு உண்மையிலேயே வேலி இல்லை. அரைவாசிக்குத் தூண் நட்டிருக்கிறது. நஜிமுதீனின் மனுசி கதிரை போட்டு, வட்டிலப்பம் கொண்டு வந்து வைத்தார். முற்பணத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

கிழவரின் கை மடியில் கிடந்தது. அவருக்கும் நகம் வளர்ந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண்தான் சொன்னார்: "குர்பான் குடுக்க நினைச்ச ஆள், பிறை கண்ட நாளிலை இருந்து குடுத்து முடிக்கிற மட்டும் நகம், முடி வெட்டாமல் விடுறது எங்கடை வழக்கம். மற்ற ஆக்கள் இண்டைக்கு வெட்டியிருப்பினம். வாப்பாக்கு இன்னும் குடுத்து முடியேல்லைத்தானே."

வேறு ஆடு? நஜிமுதீன் சொன்னார், யாழ்ப்பாண ரவுணில் எல்லாம் விற்று முடிந்துவிட்டது. மிச்சம் நிற்பது இரண்டு வருசம் ஆகாதவை. தீவில் வயது சரியாக நிற்கிறதுகளுக்கெல்லாம் காது வெட்டு. "உங்கடை ஒண்டுதான் முழுக் காதோடை நிண்டது தங்கச்சி. அதாலைதான் அத்தினை தரம் உங்கடை படலைக்கு வந்தனான்."

பெருநாளோடு முடிந்துவிடாதாம், பிறகு மூன்று நாள் வரை கொடுக்கலாமாம். ஆனால் செவ்வாய் பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள், சட்டப்படி உயிர் அறுக்கக் கூடாது. ஆக, திங்கள் பொழுது படுவதற்குள்.

நான் தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். யார் கேட்டது என்னை?

8 ஜூன், ஞாயிறு

இன்றைக்கு ஆறேழு ஊர் சுற்றினேன். முதுகு முறிகிறது, ஆனால் இதை எழுதாமல் படுக்க ஏலாது.

முதலில் புளியங்கூடல். ரோட்டோரம் ஒரு வளவில் நல்ல பழுப்புக் கிடாய் ஒன்று, காது இரண்டும் முழுசு போலத் தெரிந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. வேலிக்கு மேலால் எட்டி உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஒரு பெண்ணின் குரல்: "ஆரடி அது? ஆட்டின்ரை வாய்க்குள்ளை என்ன தேடுறாய்?"

மூன்று ஆம்பிளைகள் வந்துவிட்டார்கள். வேலணைச் சங்கத்தில் வேலை என்றேன். "சங்கத்து ஆளுக்கு எங்கடை ஆட்டிலை என்ன அலுவல்?" விலைக்கு என்றேன். "விலைக்கு வாற ஆள் பல்லை ஏன் பாக்கிறது?" வயது பார்க்க என்றேன். "வயசு பாத்துக் கலியாணம் பேசப் போறீரோ?" பின்னால் நின்ற ஒருவன் மற்றவனிடம் சொன்னான், "இப்ப பொம்பிளையளையும் இறக்கிட்டாங்கள்." அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் எடுக்கவில்லை, எடுக்க வரவும் இல்லை. ஆனால் என்ன சொன்னாலும் அது அவர்களுக்குக் கள்ளனின் கதையாகத்தான் கேட்டது. அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அதுதான் அந்த இடத்தில் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது, பயம்கூட இல்லை.

கடைசியில் விட்டார்கள். அந்தப் பழுப்பின் வலது காதிலும் அடியில் ஒரு வெட்டு இருந்தது.

பிறகு போன இடமெல்லாம் வயது காணாத குட்டியும் வெட்டுக் காதும்தான். பொழுது சாயும்போது மண்டைதீவு. ஞாயிற்றுப் பூசைக்குப் போட்ட சட்டையோடே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார் ஒருவர், பெயர் அன்ரனிதாஸ். வாசலில் ஒரு வெள்ளைக் கிடாய், கயிறுகூட இல்லாமல் படுத்திருந்தது. இம்முறை வெளியிலேயே நின்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். காது வெட்டினதையும் ஏன் வெட்டினேன் என்பதையும் சேர்த்து. நஜிமுதீனிடம் ஒரு தரம் பொய் சொல்லிப் பிடிபட்டது காணும் எனக்கு.

அவருடைய மனுசி கிறிஸ்ரினா வந்து படலையைத் திறந்தார். பல் நான்கு. கண் சரி. காது இரண்டும், நுனி வரை தடவினேன், முழுசு.

"இதுக்கு ஏன் குறி வெட்டாமல் விட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"எங்கடை ஆட்டை எங்களுக்குத் தெரியும்தானே அக்கா. முகத்தைப் பாத்தால் தெரியாதே?" என்றார் கிறிஸ்ரினா.

இரண்டு வருசமாக மணியனுக்கு நான் குழை வைக்கிறேன். முகத்தைப் பார்த்ததில்லை. பூட்டைத்தான் பார்த்தேன்.

9 ஜூன், திங்கள்

வைகாசி விசாகம். விடியக் கோயிலுக்குப் போய் வந்து, விரதத்தோடே மண்டைதீவுக்குப் போனேன். வெள்ளைக் கிடாயை ஓட்டோவில் என் காலடியில் படுக்க வைத்து, கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதி நெடுக அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன். காற்றுக்கு அது காதைச் சுருட்டிக்கொண்டது. வேலியில் கொழுவாமல், கம்பியில் கீறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று ஒரு தகரத்தைக் கண்டாலும் பயமாக இருந்தது.

நஜிமுதீன் பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார். இரண்டாம் தரமும் காதைப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. பிறகு தலையாட்டினார். "வாப்பா! ஆடு வந்திட்டுது!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

அறுப்பதை நான் பார்க்கவில்லை, ஒழுங்கைக்கு வந்து நின்றேன். ஆட்டின் கண்ணுக்குப் படாமல் கத்தியை மறைத்துக்கொண்டு போனார்கள், தண்ணீர் காட்டினார்கள், அதுவரைக்கும் பார்த்தேன். நடுங்குகிற கையில் கத்தியைக் கொடுத்து, மகன் தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டாராம். "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று கிழவரின் குரல் மட்டும் கேட்டது. அவ்வளவு மெலிந்த மனுசனிடம் அப்படி ஒரு குரலா!

உள்ளே வரச் சொன்னார்கள். கிழவர் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தார். மருமகள் பக்கத்தில் குந்தியிருந்து அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளை, அந்தக் கறுப்பன்ரை காதுப் புண் மாறிட்டுதோ? வேலிக் கம்பியிலை கொழுவி அறுந்ததாம் எண்டு மகன் சொன்னவன்" என்று என்னைக் கேட்டார்.

நான் நஜிமுதீனைப் பார்த்தேன். அவர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாறிட்டுது வாப்பா" என்றேன். வாப்பா என்று எப்படி வந்தது வாயில்?

புறப்படும்போது நஜிமுதீன், "விரதம் எண்டு கேள்விப்பட்டனான், அதாலை சாப்பிடச் சொல்லிக் கேக்கேல்லை, குறை நினைக்காதேங்கோ" என்றார். மனுசி ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார்.

10 ஜூன், செவ்வாய்

பொசன். சங்கம் பூட்டு. எனக்காக ஏன் பொய் சொன்னவர்? அந்த மனுசனுக்கு என்னிடம் என்ன வேணும்?

3 ஓகஸ்ட், ஞாயிறு

நஜிமுதீன் அண்ணை வந்தார். காட்போட் பெட்டி ஒன்றுக்குள் இரண்டு ஆட்டுக்குட்டிகள், பால் மறந்து கொஞ்ச நாள்தான். பெருநாளுக்கு முந்தின கிழமை பிறந்ததுகளாம்.

"வாப்பா வாங்கச் சொன்னவர். அடுத்த பெருநாளுக்கு இல்லை, அதுக்கு அடுத்த பெருநாளுக்கு. அப்பதான் ரெண்டு வருசம் நிரம்பும். அது வரைக்கும் உங்கடை கொட்டிலிலை நிக்கட்டும், தங்கச்சி. கூலி என்னெண்டு நீங்களே சொல்லுங்கோ."

"ஏன் என்னட்டை?" என்றேன். கேட்ட விதத்தில் இவரே திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் ஒருத்தரையும் நம்பமாட்டியள். என்னையே நம்பேல்லை. அப்பிடி ஒரு ஆளிட்டைத்தானே ஆட்டை விடலாம்?"

இவர் சிரிக்கத் தொடங்கினார், நிற்பாட்ட முடியாமல் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சுட்டது, ஆனால் வந்தது.

நஜிமுதீன் அண்ணையும் சிரித்துவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார். "புத்தளத்திலை அத்தினை வருசம் இருந்தும் வாப்பா ஒரு குட்டி வாங்கி வளர்க்கேல்லை. ரெண்டு வருசம் கழிச்சு எங்கை இருப்பமோ எண்டு தெரியாமல் என்னெண்டு குட்டி வாங்கிறது எண்டு சொல்லுவார். எப்பவும் வளர்ந்த உருப்படியிலை பங்குதான். இப்பதான் முதன்முதல் குட்டியாய் வாங்கு எண்டவர்."

வழக்கம்போல வாய் ஒரு கேள்வியைத்தான் கேட்டது. "ரெண்டு வருசத்துக்கு நீங்கள் இஞ்சை நிப்பியளோ?"

அவர் சிரிக்கவில்லை. "அது உங்களைத்தானே கேக்கவேணும், தங்கச்சி" என்றார்.

கூலி பேசவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு போய்க் குட்டிகள் இரண்டையும் கொட்டிலுக்குள் மணியனுக்குப் பக்கத்தில் விட்டேன். ஒன்றுக்கு நெற்றியில் சுழி, மற்றதற்கு இமை வெள்ளை. இரண்டும் தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருக்கின்றன, இன்றைக்கு ஒருவருக்கும் நித்திரை இருக்காது.